இரண்டு தட்டல்களுக்கு நடுவே

ஆர்ஹூஸ்
9 மார்ச் 1994

போடில்,

இந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் மேசை ஓரத்துக்குத் தள்ளுவாய். இரண்டு நாள் கழித்துத் திட்டிக்கொண்டே பிரிப்பாய். அந்த இரண்டு நாளையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் இதை இப்போதே அனுப்புகிறேன். சண்டையைப் பற்றி எழுதப்போவதில்லை. உன்னிடம் ஒரு கேள்வி இருக்கிறது, கேட்க வேறு ஆள் எனக்கு இல்லை.

போன வியாழக்கிழமை தீராவை ரொட்டிக்கடை வாசலில் விட்டுவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டேன்.

தீரா என் மகள். நான்கு மாதம். நீ பார்த்ததில்லை. குண்டுக் கன்னம், முன்வழுக்கை, எதைக் கொடுத்தாலும் சந்தேகத்தோடு பார்க்கும் பார்வை. மேயர் என்று நாம் பெயர் வைத்த ஆய்வுக்கூடத்துக் குரங்கைப் பார்ப்பதுபோலவே இருக்கும். அவள் அப்பா ஹோல்கரிடம் சொன்னால் கோபித்துக்கொள்கிறான்.

இங்கே எல்லோரும் செய்வதுபோலத்தான் அவளுடைய தள்ளுவண்டியைக் கடை ஜன்னலுக்குக் கீழே நிறுத்தினேன். நல்ல தூக்கத்தில் இருக்கிற பிள்ளையைக் குளிர்காற்றிலிருந்து எடுத்து அடுப்புச் சூட்டுக்குள் யார் தூக்கிக்கொண்டு போவார்கள்? பிரேக் போட்டேன், மூடியை இறக்கினேன், உள்ளே போனேன். கறுப்பு ரொட்டி ஒன்று, வெள்ளை பன் நான்கு, வாசலில் தீரா. மூன்றையும் மனதில் பிடித்துக்கொண்டுதான் வரிசையில் நின்றேன். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பின்னாலிருந்து ஒரு குரல்: "என்ன மாரென், பால்வாசத்துக்கு நடுவுல மூளைன்னு ஒண்ணு இருக்கிறதே மறந்துபோச்சா?"

நம் பேராசிரியர் ஐலர். தாடி இன்னும் வெள்ளையாகியிருக்கிறது. அவர் சொல்கிறார், நீ பெர்கனில் ஏதோ புதிதாக அளக்கிறாயாம், குறுகிய நேர ஞாபகத்தைப் பற்றி நாம் எழுதியதையெல்லாம் கவிழ்க்கப் போகிறாயாம். நான் பதில் சொன்னேன், அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வந்தோம். அவருடைய பஸ் வந்தது. அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை என்பதால் நானும் ஏறிவிட்டேன்.

கறுப்பு ரொட்டி கையில் இருந்தது. பன்னும் இருந்தது.

சில நிறுத்தம் தாண்டித்தான் இறங்கினேன். ஓடினேன். கடைக்காரம்மா இங்கர் வண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். "தூங்கிட்டுத்தான் இருக்கா. கண்ணையே திறக்கலை," என்றாள். இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அன்றே ஹோல்கரிடம் சொல்லிவிட்டேன். அவன் ஃபெர்ரியில் என்ஜின் பார்க்கிறான், ஒரு முறை போனால் ஒரு வாரம் கப்பலிலேயே இருப்பான். இப்போது லீவு போட்டு வீட்டில் இருக்கிறான். ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை திரும்பிப் போக வேண்டும். அதற்குப் பிறகு வீட்டில் நானும் அவளும் மட்டும்.

என் கேள்வி இதுதான். அந்தப் பஸ்ஸில் நான் இருந்தபோது அவள் என் தலைக்குள் எங்கே இருந்தாள்? எங்கோ இருந்தாளா, அழிந்தே போனாளா? ஒரு செல்கூட அவளைப் பிடித்து வைத்திருக்கவில்லை என்றால் நான் அவளோடு தனியாக இருக்கலாமா? மூளைச் செல்கள் தட்டும் சத்தத்தை நேராகக் காதால் கேட்டவர்கள் எனக்குத் தெரிந்து நீயும் நானும்தான். என் காதை இப்போது நான் நம்பவில்லை.

மாரென்


பெர்கன்
16 மார்ச்

மாரென்,

மூன்று நாள் கழித்துப் பிரித்தேன். உன் கணக்கு எப்போதுமே ஒன்று குறைவாகத்தான் வரும்.

உனக்குக் குழந்தை பிறந்ததை எனக்கு ஐலரின் செயலாளர்தான் சொன்னாள், அதுவும் வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில். அதை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடிதம் முழுக்க அதையே சுற்றிச் சுற்றி வருவேன்.

நீ போக வேண்டியது மருத்துவரிடம். நான் குரங்கு மருத்துவர்கூட இல்லை. போனாயா? ரத்தம் எடுத்தார்களா? இரவில் எத்தனை மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்குகிறாய்? இதையெல்லாம் எழுதாமல் செல்லைப் பற்றிக் கேட்கிறாய்.

சரி, செல்லைப் பற்றியே பேசுவோம். உன் கேள்விக்குள்ளேயே ஒரு பதில் ஒளிந்திருக்கிறது, அது உன்னுடைய பழைய படம். மேயர் உட்கார்ந்திருப்பார். இடது பக்கமோ வலது பக்கமோ ஒரு விளக்கு மின்னி அணையும். அவர் காத்திருக்க வேண்டும். பிறகு விளக்கு இருந்த பக்கம் கை நீட்டினால் உலர்திராட்சை. காத்திருக்கும் அந்தச் சில நொடிகளில் அவர் மூளையில் நாம் கம்பி செருகிய ஒரு செல் ஒலிபெருக்கியில் டக் டக்கென்று தட்டும். அந்தத் தட்டல்தான் ஞாபகம் என்றாய் நீ. தட்டிக்கொண்டிருக்கும்வரை விளக்கு அவர் தலைக்குள் எரிகிறது, நின்றால் அணைந்தது. நூறு தடவையை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டி வரைபடத்தில் வழவழப்பாக ஒரு மேடு வரைந்தாய். அழகான மேடு. எல்லோரும் கைதட்டினார்கள்.

நான் கூட்டுவதற்கு முன்னாலேயே கேட்டவள். ஒவ்வொரு தடவையும் தனித்தனியாக. தட்டும், நிற்கும். மறுபடி வேறெங்கோ நாலு தட்டு, மறுபடி மௌனம். எந்த ஒரு தடவையிலும் உன் மேடு இல்லை. கூட்டினால்தான் வருகிறது. உன்னிடம் வந்து சொன்னேன். நீ என்னைப் பார்க்காமல் ஐலரைப் பார்த்து, "போடிலுக்குத் தூக்கம் பத்தலை, சத்தத்துக்கு நடுவுல சத்தம் கேக்குது," என்றாய். அவர் சிரித்தார். மறுமாதம் நான் இங்கே வந்துவிட்டேன்.

இப்போது தூக்கம் போதாதவள் நீ. இதைச் சொல்லிக்காட்ட ஒன்றரை வருடம் காத்திருந்தேன். சொல்லிவிட்டேன், ஒன்றும் ருசிக்கவில்லை.

ஒன்று கவனித்தாயா? வரிசையில் நின்றதை எழுதினாய், ஓடியதை எழுதினாய். பஸ்ஸில் எது உன்னைத் திருப்பியது என்று எழுதவில்லை. அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

போடில்


ஆர்ஹூஸ்
20 மார்ச்

போடில்,

ரத்தம் எடுத்தார்கள். இரும்புச்சத்து கொஞ்சம் குறைவு, மற்றபடி நான் ஆரோக்கியமான பெண். மருத்துவர் என் முழங்காலில் தட்டிப் பார்த்தார், கால் உதைத்தது. அதில் அவருக்குத் திருப்தி.

எது திருப்பியது என்றால், பால். எனக்கு முன் சீட்டில் யாரோ ஒருத்தியின் பிள்ளை சிணுங்கியது. நான் ஐலரிடம் பேசிக்கொண்டேதான் இருந்தேன். திடீரென்று சட்டை முன்பக்கம் நனைந்தது. ஐலர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். நான் குனிந்து பார்த்தேன், ஈரத்தைப் பார்த்தேன், இது எதற்கு என்று யோசித்தேன். யோசித்தேன், போடில்! அதற்குப் பிறகுதான் தீரா வந்தாள். அவளுடைய முகமாக வரவில்லை, வண்டி மூடியின் நீலமாக வந்தாள்.

இதோடு நிறுத்தியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நேற்று இங்கரிடம் போனேன், நன்றி சொல்லவில்லையே என்று. அவள் மாவுக் கையை உதறிக்கொண்டே, "அதை விடும்மா. நீ வெளிய வந்து போர்வையை இழுத்துவிட்டுட்டுத்தானே போனே. பக்கத்துல எங்கேயோ போறேன்னு நெனச்சேன்," என்றாள்.

எந்தப் போர்வை?

பக்கவாட்டுக் கதவு வழியாகப் போனேன் என்று உனக்கு எழுதினேன். அது எனக்குப் படம் மாதிரி தெரிகிறது, கதவின் பித்தளைப் பிடி, ஐலரின் கையுறை எல்லாம். இங்கர் சொல்கிறாள், பக்கவாட்டுக் கதவு ஜனவரியிலிருந்து பூட்டிக் கிடக்கிறதாம். வாசல் வழியாகத்தான் வந்தேனாம். வண்டிக்குமேல் குனிந்து, போர்வையை இழுத்துவிட்டு, அந்தத் தாடிக்காரரோடு பேசிக்கொண்டே போனேனாம்.

அப்படியென்றால் நான் மறக்கவில்லையே. பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டுப் போயிருக்கிறேன்.

இன்னொன்றும் எழுதுகிறேன், ஹோல்கரிடம் சொல்லாதது. அந்தப் பஸ்ஸில் நான் சந்தோஷமாக இருந்தேன். செல்களைப் பற்றிப் பேசினேன், ஒருவர் கேட்டார், நடுவில் யாரும் அழவில்லை. தோளில் எதுவும் கனக்கவில்லை. என்னவோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது என்று எழுத வந்தேன். இறக்கி வைத்தது எதை?

பக்கத்துத் தெரு லிஸ்பெத் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து தீராவைக் காலையிலேயே கொடுத்துவிடலாமா என்று கேட்டு வைத்திருக்கிறேன். இரவுக்கும் சேர்த்துக் கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஹோல்கர், "உனக்கு எது சரின்னு படுதோ செய்," என்கிறான். அவன் கத்தினால்கூடத் தேவலாம்.

எனக்குச் சரியென்று பட்டது எதுவும் சரியாக இல்லை. பூட்டிக் கிடந்த கதவு வழியாகப் போனவள் நான்.

மாரென்


பெர்கன்
26 மார்ச்

மாரென்,

உன் கடிதம் வந்த அன்று பழைய ஒலிநாடாக்களின் பிரதிகளை எடுத்து உட்கார்ந்தேன். உனக்காக என்று நினைத்துக்கொள்ளாதே, பாதி எனக்காகத்தான். நீ ஒப்புக்கொள்ளப் போகிறாய் என்று ஒரு வெறி.

கலைக்கப்பட்ட தடவைகளை மட்டும் எடுத்தேன். காத்திருக்கும்போது யாரோ கதவைத் திறந்தது, வாளி விழுந்தது, ஐலர் தும்மியது. மேயர் திரும்பிப் பார்ப்பார், செல் சட்டென்று நின்றுவிடும். உன் கணக்குப்படி ஞாபகம் அதோடு போச்சு. ஆனால் பெரும்பாலும் அவர் சரியான பக்கமே கை நீட்டுகிறார். கை நீட்டச் சொல்லும் மணி அடித்ததும் செல் மறுபடி தட்டுகிறது, நடுவில் ஒன்றுமே நடக்காத மாதிரி.

இதை எழுதி முடித்துவிட்டு உனக்கு ஜம்பமாக ஒரு கடிதம் போடலாம் என்று இருந்தேன். பிறகு மற்றதையும் பார்த்தேன். சில தடவைகளில் செல் நிற்காமல் தட்டிக்கொண்டே இருக்கிறது, நீ வரைந்த மாதிரியே, கடைசிவரை. மேயர் நிதானமாகத் தப்பான பக்கம் கை நீட்டுகிறார்.

அதனால் எனக்கும் குழப்பம்தான். மௌனத்தில் விஷயம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் என்னிடம் ஓர் ஊகம் உண்டு. ஒரு செல் தட்டியதும் அதற்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள இணைப்பு கொஞ்ச நேரம் இளகியே இருக்கிறது, ஆள் நடந்துபோன புல் படிந்து கிடப்பதுபோல. அங்கே யாரும் நடக்கவில்லை, தடம் மட்டும் இருக்கிறது. ஏதாவது வந்து தொட்டால் அந்தத் தடத்திலேயே மறுபடி ஓடும். உன் சட்டை நனைந்தது அப்படி ஒரு தொடுதலாக இருக்கலாம். போர்வையை இழுத்துவிட்டதும் உன் கை, வேலை முடிந்தது என்று எடுத்துக்கொண்டிருக்கலாம். கதவை உன் தலை பிறகு தைத்துச் சேர்த்திருக்கலாம். மூன்றுமே 'இருக்கலாம்'. ஒரு குரங்கின் ஒரு செல்லை வைத்துக்கொண்டு ஆர்ஹூஸில் ஒரு பெண் தன் பிள்ளையோடு தனியாக இருக்கலாமா என்று நான் சொன்னால் என்னை இந்த வேலையிலிருந்து துரத்த வேண்டும்.

சந்தோஷமாக இருந்தாய் என்கிறாய். நான்கு மாதமாக நீ யாரோடும் பேசவில்லை போலிருக்கிறது. ஐலரோடு பேசியே சந்தோஷம் வந்தது என்றால் நிலைமை மோசம்தான். என்னோடு பேசியிருக்கலாம். நானும் எழுதியிருக்கலாம், அது சரி.

வண்டியின் வாரை மணிக்கட்டில் மாட்டிக்கொள். சிரிக்காதே. மேயருக்கே வார் போட்டோம், பேராசிரியர்களுக்கும் போட வேண்டும் என்று நீதான் சொன்னாய்.

லிஸ்பெத்திடம் இரவுக்கும் விடுவது பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பயத்தில் முடிவெடுக்காதே என்று மட்டும் எழுதி, அதையும் அடித்துவிட்டேன், ஏனென்றால் நானும் பயத்தில்தான் பெர்கனுக்கு வந்தேன்.

போடில்

நீ ஒதுக்கிவிட்ட தடவைகள் என்னிடம் இல்லை. 'கவனிக்கவில்லை' என்று எழுதிப் பெட்டியில் போட்டாயே, அவை. அச்சடித்த காகிதப் பட்டைகள் உன்னிடம் இருந்தால் பார்.


ஆர்ஹூஸ்
31 மார்ச்

போடில்,

வார் போட்டுக்கொள்ள வேண்டுமாம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் உன்மேல் கோபமாக இருந்தேன். ஒரு பதில் கேட்டால் மூன்று 'இருக்கலாம்' அனுப்புகிறாய். பிறகு வார் போட்டுப் பார்த்தேன். வண்டியோடு இழுபட்டுப் போகும் நாய் மாதிரி இருந்தது. ஹோல்கர் பார்த்துவிட்டான்.

"இது என்ன?"

"போடில் சொன்னா."

"எந்தப் போடில்? நீ பேசறதில்லையே அவகூட?"

"இப்ப பேசறேன். திட்டிக்கறோம்."

அவன் காபியைக் கலக்கினான், சர்க்கரை போடாத காபியை. "எனக்கும் பயமாத்தான் இருக்கு மாரென். கப்பல்ல என்ஜின் சத்தம் மாறினா தூக்கத்துலகூட எனக்குத் தெரியும். உன் தலைக்குள்ள எப்ப நிக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கே தெரியாது," என்றேன்.

"அப்போ என்னதான் பண்றது?"

"அதுவும் தெரியாது."

அவன் சிரித்துவிட்டான். எனக்கு அழுகை வந்தது. இந்த மாதம் முழுவதும் இருந்ததைவிட அது நன்றாக இருந்தது.

பட்டைகள் பரண் பெட்டியில் இருந்தன. தீராவை மடியில் வைத்துக்கொண்டு சமையலறை மேசையில் விரித்தேன். அவள் ஒரு பட்டையைக் கடித்துவிட்டாள், அந்தத் தடவை என்னவென்று இனி யாருக்கும் தெரியாது. மற்றவை தெரிகின்றன. செல் தட்டவே இல்லை, 'கவனிக்கவில்லை' என்று என் கையெழுத்து, அதற்குப் பக்கத்திலேயே மேயர் சரியான பக்கம் கை நீட்டியதற்கான குறி. ஒன்றில்லை, நிறைய. அந்தக் குறியை நான் பார்க்காமல் எப்படி எழுதினேன்? பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டுப் போயிருக்கிறேன். அவர் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார், போடில். மௌனமாகக் கவனித்திருக்கிறார்.

ஐலர் முன்னால் நான் சொன்னதாக நீ எழுதிய அந்த வாக்கியம் எனக்கு ஞாபகமே இல்லை. நீ சொன்னால் சொல்லியிருப்பேன். ஞாபகமில்லாததற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல் கேட்கிறேன்.

பட்டைகளையெல்லாம் உனக்கு அனுப்பட்டுமா? அனுப்பினால் நம் பெயரில் வந்த அந்தப் படம் நிற்காது. பரவாயில்லை என்று இந்த நிமிடம் தோன்றுகிறது. நாளைக்கு என்ன தோன்றுமோ.

லிஸ்பெத்துக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை வருகிறது.

மாரென்


பெர்கன்
2 ஏப்ரல்

அனுப்பாதே. நீயே வைத்துக்கொண்டு நீயே பார். நான் இங்கே என்னுடையதைப் பார்க்கிறேன். தனித்தனியாகப் பார்த்துவிட்டு ஒப்பிடுவோம், அப்போதுதான் ஒருத்தியின் ஆசை இன்னொருத்தியின் கண்ணில் ஏறாது.

ஈஸ்டருக்கு இங்கே எல்லோரும் மலைக்குப் போய்விட்டார்கள். மழை. மன்னிப்பு வந்து சேர்ந்தது. எங்கே வைப்பது என்று தெரியாமல் மேசையில் வைத்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை என்ன செய்தாய் என்று எழுது. எதைச் செய்திருந்தாலும் எழுது.

போடில்


ஆர்ஹூஸ்
6 ஏப்ரல்

போடில்,

லிஸ்பெத்திடம் திங்கட்கிழமை சாயங்காலம் போய், வாரத்தில் இரண்டு காலை மட்டும் போதும் என்றேன். "ராத்திரி?" என்றாள். "ராத்திரி நான் இருக்கேன்," என்றேன். சொல்லிவிட்டு வாசலில் நின்றுகொண்டு, இதைச் சொன்னது யார் என்று யோசித்தேன்.

ஹோல்கர் நேற்று விடியற்காலை போனான். வாசலில் ஏதோ சொல்ல வந்து, "கடுகு தீர்ந்துபோச்சு," என்று சொல்லிவிட்டுப் போனான்.

நேற்று முழுவதும் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். குளியலறைக்குப் போனாலும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பாட்டுப் போல அவள் பெயரைச் சொல்லிக்கொண்டு. உன் செல் மாதிரி, என் செல் மாதிரி, யாருடைய செல்லோ, டக் டக்கென்று நிற்காமல். மதியத்துக்குள் தலைவலி. அவளும் எரிச்சலாகிவிட்டாள், என்னைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பினாள்.

இன்று அவள் தூங்கியதும் வண்டியைப் பின்வாசலில் ஆப்பிள் மரத்தடியில் நிறுத்திவிட்டு, மேசையில் பட்டைகளோடு உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. முழுக்க மேயரோடு இருந்தேன். தீராவை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. இதை மறைக்காமல் எழுதுகிறேன். ஒரு சத்தமும் கேட்கவில்லை, சட்டையும் நனையவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து பின்வாசலுக்குப் போனேன். ஏன் அப்போது எழுந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவள் விழித்துக்கொண்டு, கிளை ஆடுவதைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறந்திருந்தேன், எழுந்தும் போனேன். இரண்டையும் எந்தப் படத்தில் போடுவது என்று எனக்கு விளங்கவில்லை. பஸ்ஸில் நான் என்னவாக இருந்தேன் என்பதும் விளங்கவில்லை, இனி விளங்காது போலிருக்கிறது. இன்று இரவு தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது. இருந்தாலும் இருக்கிறேன்.

பட்டைகளில் ஒன்று கண்டேன், முக்கியமாக உனக்குச் சொல்ல வேண்டியது. அந்த மௌனத் தடவைகளில் மேயர் கை நீட்டுவதற்குச் சற்று முன்னால், மணிகூட அடிக்கவில்லை, ஆனால் அவருடைய

மறுநாள் காலை. அந்த வாக்கியம் எங்கே போய்க்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பத் திரும்பப் படித்தேன், வரவில்லை. தீரா அழுதாள், பேனாவைப் போட்டுவிட்டுப் போனேன், அப்படியே அவள் பக்கத்தில் தூங்கிவிட்டேன். பட்டைகள் மேசையில்தான் இருக்கின்றன, பிறகு பார்க்கலாம். தபால்காரர் வருவதற்குள் இதை இப்படியே உறையில் போடுகிறேன்.

நாங்கள் இரண்டு பேரும் இன்னும் காலை உணவு சாப்பிடவில்லை.

மாரென்